வாளா, வாளியா?

எங்க அக்கா மகனுக்கும் எனக்கும் 2020லேர்ந்து ஒரு வாக்குவாதம் ஓடிக்கிட்டிருக்கு, இன்னும் தீரல. கடல் கொள்ளக்காரன் கேம்ல உண்மையான சண்ட எது, கப்பல் சண்டையா வாள் சண்டையா? அவன் வாள் கட்சி. நான் கப்பல் கட்சி. இன்னும் சரியா சொல்லணும்னா நான் வாளி கட்சி, அது ஏன்னு பின்னால வரேன். தீபாவளிக்கு எல்லாரும் பினாங்கு பெருநிலத்துல இருக்கிற புக்கிட் மெர்தாஜாம்ல அக்கா வீட்டுல கூடுனா முறுக்கு டப்பாவ நடுவுல வச்சுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் இதத்தான் பேசுவோம், அத்தான் எழுந்து போயி டிவி சவுண்ட கூட்டி வச்சிருவாரு. போன தீபாவளிக்கு பேச்சு முத்திப்போயி, "மாமா, நீங்க சொல்றத எழுதி வைங்க, அப்பதான் எவ்ளோ அபத்தம்னு உங்களுக்கே தெரியும்"னான். சரி, எழுதிட்டேன்டா.

இந்தக் கிறுக்கு எனக்கு புதுசா வந்தது இல்ல. ஸ்கூல் படிக்கிறப்போ ஆயர் ஈத்தாம் பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தைல, அஞ்சு வெள்ளிக்கு ஒரு டிஸ்க் வாங்குனேன், சிட் மையர்ஸ் பைரேட்ஸ், 2004ல வந்த புது வெர்ஷன். கொள்ளக்காரன் கேம கள்ள டிஸ்க்ல வெளயாடுனதுல ஒரு நியாயம் இருக்குன்னு அப்ப நெனச்சுக்குவேன். அதுல ரெண்டு சண்டையும் உண்டு. மொதல்ல கடல்ல கப்பலுக்கு கப்பல், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து திருப்பித் திருப்பி சுடணும். சாதா குண்டு கப்பல் ஒடம்ப ஒடைக்கும், சங்கிலி குண்டு பாய கிழிக்கும், சின்னச் சின்ன உருண்டையா தெறிக்கிற குண்டு ஆளுங்கள சாய்க்கும். எல்லாம் முடிஞ்சு கப்பல் ரெண்டும் ஒட்டுனதும் கேப்டனும் கேப்டனும் வாள எடுத்துக்கிட்டு எதிர்ல நிப்பாங்க. கீபோர்ட்ல நம்பர் பட்டன் பக்கம் கைய வச்சுக்கிட்டு வெட்டு, குத்து, குனி, குதி. எங்க வீட்டு கீபோர்ட்ல 8 நம்பர் பட்டன் கொஞ்சம் கடுசு, அதனால நான் குதிக்க வேண்டிய நேரத்துல குதிக்காம வெட்டு வாங்கிக்கிட்டே இருப்பேன். எனக்கு வாள் சண்ட மேல இருக்கிற கோவம் அங்கதான் ஆரம்பிச்சுச்சுன்னு அக்கா மகன் சொல்லுவான். இருக்கலாம்.

அதுக்கு அப்புறம் காலேஜ் லேப்ல திருட்டுத்தனமா வெளயாடுனது பஸுல் பைரேட்ஸ், 2003லயே வந்த ஆன்லைன் கேம். அதுல எல்லாமே பஸுல், அதாவது புதிர். வாள் சண்டைன்னா மேலேர்ந்து கலர் கட்டை விழும், அத அடுக்கி ஒடச்சா எதிராளி தலைல போயி விழும். ஆனா அந்த கேம்ல ஒரு அருமையான விஷயம், கடல் சண்டைல நீங்க வாங்குன அடி வாள் சண்டைக்கும் கூடவே வரும், ஆரம்பிக்கிறப்பவே உங்க பக்கம் பாதி கட்டை ரொம்பி இருக்கும். அதாவது சுக்கான் பிடிச்சவன் சொதப்புனா வாள் பிடிச்சவன் சாவான். இந்த ரெண்டு சண்டைக்கும் நடுவுல இவ்ளோ நேர்மையான கணக்கு போட்ட கேம் அப்புறம் நான் பாக்கல. இன்னொண்ணு, அதுல கப்பலோட அடில சேர்ற தண்ணிய வெளியேத்துறதுக்குன்னே தனி பஸுல் உண்டு. நான் எப்பவும் அதத்தான் எடுப்பேன். யாரும் எடுக்க மாட்டாங்க, ஆனா யாராச்சும் எடுத்தே ஆகணும்.

இப்ப முக்கிய கதைக்கு வரேன். சீ ஆஃப் தீவ்ஸ். 2018 மார்ச்ல எக்ஸ்பாக்ஸுக்கும் விண்டோஸுக்கும் வந்துச்சு, ஆனா நாங்க பிடிச்சது 2020 ஜூன்ல, ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல வந்தப்போ. எம்சிஓ காலம், அதான் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு, மார்ச் 18லேர்ந்து வீட்டோட கெடக்குறோம். நான் பினாங்கு தீவுல பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிஃப்ட், கடிதம் காட்டி போலீஸ் தடுப்ப தாண்டி வேலைக்கு போயிட்டு வந்து தூங்கணும், அவ்ளோதான் வாழ்க்க. அக்கரைல இருக்கிற அக்காவ பாக்க பாலத்த தாண்ட முடியாது. கேஎல், அதான் கோலாலம்பூர், செந்தூல்ல இருக்கிற கூட்டாளிதான் "நாலு பேர் சேந்தா ஒரு பெரிய கப்பல் கெடைக்கும் லா"ன்னு ஆரம்பிச்சு வச்சான். நான், கூட்டாளி, அக்கா மகன், மூணு பேர் ஆச்சு. நாலாவது ஆளுக்கு தேடித் தேடி கெடைக்காம, பையன் அவங்க அம்மாவ இழுத்துட்டு வந்தான்.

அக்காவுக்கு அப்ப நாப்பத்தி மூணு வயசு. அதுக்கு முன்னாடி போன்ல மிட்டாய் நசுக்கறத தவிர எந்த கேமும் தொட்டதில்ல. அத்தானோட பழைய ஆபிஸ் லேப்டாப்லதான் வெளயாடணும். அந்த கேம்ல கிராஃபிக்ஸ ரொம்ப கொறச்சு வைக்கிற செட்டிங்குக்கு பேரே கர்ஸ்ட், சபிக்கப்பட்டதுன்னு அர்த்தம். சாபம் பிடிச்ச அந்த லேப்டாப்புக்கு அதுதான் தாங்குச்சு. எங்க ஸ்கிரீன்ல கடல் பச்சையும் நீலமுமா ஜொலிக்கும், அக்கா ஸ்கிரீன்ல அது கடல்பாசி ஜெல்லி மாதிரி இருக்கும். "என்னடா இது, அகார் அகார் மேல போயிக்கிட்டு இருக்கோம்"னு மொத நாளே சொன்னா.

இந்த கேம் எப்படின்னா, கப்பல் தானா ஓடாது. பாய எறக்க ஒரு ஆள் கயித்துக்கிட்ட நிக்கணும், காத்துக்கு ஏத்த மாதிரி திருப்பணும், நங்கூரம் தூக்க எல்லாரும் சேந்து தள்ளுனாதான் சீக்கிரம் வரும். நாலு பேர் கப்பல கேலியன்னு சொல்லுவாங்க, மூணு பாய்மரம், பக்கத்துக்கு நாலு பீரங்கி. எந்த மீட்டரும் இல்ல, கப்பலுக்கு எவ்ளோ உயிர் மிச்சம்னு காட்டுற செவப்பு கோடும் இல்ல. ஓட்ட விழுந்துருக்கா இல்லையான்னு கீழ எறங்கி கண்ணால பாக்கணும். பாத்தா பலகை வச்சு அடைக்கணும், அப்புறம் உள்ள வந்த தண்ணிய வாளில அள்ளி மேல தூக்கிட்டுப் போயி கடல்ல ஊத்தணும். இன்னொரு முக்கியமான விஷயம், எவ்ளோ வருஷம் வெளயாடுனாலும் உங்க வாளும் பீரங்கியும் பலம் கூடாது. நேத்து வந்தவன் வாளும் அஞ்சு வருஷம் வெளயாடுனவன் வாளும் ஒண்ணுதான், சட்டையும் பாயும்தான் பகட்டா இருக்கும்.

சுக்கான் என் கைல. கேலியன்ல சுக்கான் பிடிக்கிறவனுக்கு முன்னால ஒண்ணும் தெரியாது, எறங்கியிருக்கிற மூணு பாயும் மறைக்கும். யாராச்சும் முன்னால நின்னு சொல்லணும். பாறை எந்தப் பக்கம், எதிரி எந்தப் பக்கம். இங்கிலீஷ்ல போர்ட், ஸ்டார்போர்ட்னு சொல்லணுமாம், ரெண்டு நாள் முயற்சி பண்ணி மூணு தடவ பாறைல மோதுன பெறகு அக்கா ஒரே முடிவா சொன்னா: "சோத்துக்கை பக்கம், பீச்சாங்கை பக்கம். இதுக்கு மேல எனக்கு தெரியாது." அன்னைலேர்ந்து எங்க கப்பல்ல அதுதான் சட்டம். கூட்டாளி கேஎல்லேர்ந்து "பீச்சாங்கை, பீச்சாங்கை, இன்னும் பீச்சாங்கை, போதும்!"னு கத்துவான், அவன் வீட்டுல பக்கத்து ரூம்ல தூங்குறவங்க என்னன்னு நெனச்சிருப்பாங்கன்னு தெரியல.

கப்பல் சண்ட எனக்கு ஏன் பிடிச்சதுன்னு யோசிச்சா பெரி (கடல தாண்டுற படகு) ஞாபகம்தான் வருது. சின்ன வயசுல அப்பா அக்கரைல இருக்கிற பட்டர்வொர்த்துக்கு கூட்டிட்டு போறப்போ பழைய பெரி, காடி, அதான் காரெல்லாம் ஏத்திட்டுப் போகும்ல, அதுல கம்பிய பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ஜெட்டி, அதான் படகுத்துறை, இன்னும் தூரத்துல இருக்கிறப்பவே எஞ்சின் சத்தம் கொறஞ்சிரும். "ஏன்பா இப்பவே நிறுத்துறாங்க"ன்னு கேட்டா "இவ்ளோ பெரிய வண்டி நெனச்ச ஒடனே நிக்காதுடா, இப்ப நெனச்சாதான் அங்க போயி நிக்கும்"னாரு. மெதுவா வழுக்கிட்டே போயி ஜெட்டி மரத்துல ஒரு இடி இடிச்சு, மொத்த பெரியும் முனகி, அப்புறம் நிக்கும். 2020 கடைசில அந்த பழைய பெரி ஓட்டத்த நிறுத்திட்டாங்க, 2023ல புதுசு வந்துச்சு, அதுல காடி ஏத்த முடியாது, மோட்டார் சைக்கிளோட சரி. கேம்ல கேலியன் சுக்கான திருப்புறப்போ அதே கனம் கைல தெரியும். நீங்க இப்ப திருப்புறது பத்து செகண்ட் கழிச்சு நடக்கப்போற சண்டைக்கு. எதிரி எங்க இருக்கான்னு பாத்து திருப்புனா லேட்டு, எங்க இருப்பான்னு பாத்து திருப்பணும். அந்த பத்து செகண்ட் நடுவுல என்ன இருக்கு? பேச்சு இருக்கு. அதான் எனக்கு வேண்டியது.

கப்பல் சண்ட பூராவும் பேச்சுதான். குண்டு எத்தன இருக்கு, பாய பாதி தூக்கு, அவன் திரும்புறான், நம்ம பின்பக்கம் வர்றான், நடு பாய்மரம் சாஞ்சிருச்சு யாராச்சும் தூக்குங்க. அதுக்கு நடுவுல அக்கா, "டேய் தம்பி, சாப்டியா? சாம்பார் வைக்கலாமா ரசம் வைக்கலாமான்னு இருக்கேன்"ம்பா. எதிரி கப்பல் துரத்திக்கிட்டு வர்ற கால் மணி நேரத்துல நாங்க குடும்பக்கதை பூரா பேசி முடிச்சிருவோம். அத்தை வீட்டு கல்யாணம் ஸூம்ல நடந்தது, அம்மாவுக்கு சுகர் மாத்திர மாத்துனது, கூட்டாளிக்கு சம்பளம் பாதியானது, எல்லாம் நான் கேள்விப்பட்டது ஒரு பீரங்கிக்கும் இன்னொரு பீரங்கிக்கும் நடுவுல.

வாள் சண்ட அப்படி இல்ல. வாள எடுத்த ஒடனே எல்லாருக்கும் வாய் அடைச்சிரும். மூச்சு சத்தமும் மவுஸ் கிளிக்கும்தான் கேக்கும். நாலு வெட்டு சரியா விழுந்தா ஆள் காலி, அதுக்கு ஆகுறது ரெண்டு மூணு செகண்ட். பட்டன அமுக்கிப் பிடிச்சு வச்சிருந்தா வாளோட பாஞ்சு போயி ஒரே குத்து, பட்டா பாதி உயிருக்கு மேல போயிரும், படலன்னா ஒரு நிமிஷம் தள்ளாடிக்கிட்டு நிப்போம், அதுக்குள்ள எதிராளி பின்னால வந்து முடிச்சிருவான். ஒரு நிமிஷம்னு சொன்னேன், நெசத்துல அது ரொம்ப கொஞ்ச நேரம்தான், தள்ளாடுறவனுக்குத்தான் அது ஒரு நிமிஷம்.

அதுக்கு மேல நெட் பிரச்சன. அப்ப எங்க ஃபிளாட்டுல இருந்த லைன், மழ பேஞ்சா போயிரும், மழ பேயாட்டியும் ராத்திரி ஒன்பது மணிக்கு முக்கும். பிங், அதாவது நெட் தாமதம், ஏறுனா கப்பல் சண்டைல ஒண்ணும் பெருசா தெரியாது, குண்டு பறக்கவே நேரம் ஆகுது, அதுல கால் செகண்ட் முன்ன பின்ன யார் பாத்தா. வாள்னா அந்த கால் செகண்ட்தான் எல்லாமே. என் ஸ்கிரீன்ல நான் வெட்டிருப்பேன், ரத்தம்கூட தெறிக்கும், அவன் ஸ்கிரீன்ல நான் காத்த வெட்டிக்கிட்டு நிக்கிறேன். இந்த கேம் ஆடுறவங்க எல்லாருக்கும் இந்தப் புலம்பல் தெரியும், பட்ட அடிய கேம் கணக்குல எடுக்காததுக்கு ஹிட்ரெக்னு ஒரு சொல் போதும், எந்த நாட்டுக்காரனும் கண்ணீர் விடுவான். செத்தா ஒரு பேய்க்கப்பல்ல கொண்டு போயி விட்டுரும், அங்க கதவு தொறக்குற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கணும். அதுக்கு அந்த கேம்ல வச்ச பேரே பெரிதான். பினாங்குக்காரன் செத்த பெறகும் பெரிக்கு காத்துக்கிட்டுதான் நிக்கணும்போல.

ஆனா பையன் கட்சி வெறும் வெத்துக் கட்சி இல்ல, அதையும் சொல்லணும். அவன் தாமான், அதான் குடியிருப்பு, மண்டபத்துல எட்டு வயசுலேர்ந்து சிலம்பம் கத்துக்கிட்டவன். "மாமா, கப்பல்ல நீங்க ஒருத்தன சுட்டா அவன் மொகம் உங்களுக்கு தெரியாது. வாள்ல எதிர்ல நிக்கிறவன் பயப்படுறானா இல்லையான்னு ரெண்டாவது வெட்டுலயே தெரிஞ்சிரும்"ம்பான். சிலம்பத்துல எதிராளி கால் வைக்கிறத பாத்து கம்பு எங்க வரும்னு கண்டுபிடிப்பாங்களாம், கேம்ல கால் பொய் சொல்லும், அதனால அவன் வாள் நுனியையும் ஆள் குதிக்கிற தாளத்தையும் பாப்பானாம். அரீனான்னு ஒரு மோட் இருந்துச்சு, 2019 ஏப்ரல்ல கொண்டு வந்தாங்க, சண்டைக்குன்னே தனியா. அத 2022 மார்ச்ல மூடுனப்போ அவன் ரெண்டு நாள் சரியா சாப்புடலன்னு அக்கா போன் பண்ணி சொன்னா.

அவன் பெரிய ஆயுதமா எடுக்குறது கருந்தாடிக்காரன் கதைய, அதான் பிளாக்பியர்ட். 1718 நவம்பர் 22, வட கரோலினா பக்கம் ஓக்ரகோக் தீவு. அவன பிடிக்க வந்த லெப்டினன்ட் மேனார்ட் கிட்ட ரெண்டு சின்ன கப்பல், அதுல பீரங்கியே கெடையாது. கருந்தாடிக்காரன் கிட்ட பீரங்கி இருந்துச்சு, ஒரே வரிசைல சுட்டு மேனார்டோட ஆளுங்க நெறைய பேர சாச்சுட்டான். மேனார்ட் மிச்ச ஆளுங்கள கீழ்த்தட்டுல ஒளிய வச்சான். மேல்தட்டுல ஆளே இல்ல, எல்லாரும் செத்துட்டாங்கன்னு நெனச்சு கருந்தாடிக்காரன் ஏறி வந்தான், கீழேர்ந்து எல்லாரும் பொத பொதன்னு ஏறி வந்தாங்க. அவன் ஒடம்புல அஞ்சு துப்பாக்கி காயம், இருவது வெட்டு இருந்துச்சாம். "பாத்தீங்களா மாமா, கப்பல் சண்டைல ஜெயிச்சவன் வாள் சண்டைல செத்தான்." நான் என்ன சொல்றது. அவன் செத்தது வாளால இல்லடா, எதிரி கப்பலோட கீழ்த்தட்ட எட்டிப் பாக்காததாலன்னு சொன்னேன். எங்க அக்கா எப்பவும் இருக்கிற எடம் அந்த கீழ்த்தட்டுதான்.

இன்னொரு தடவ அவனோட சிலம்ப ஆசான் சொன்னாருன்னு ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்திய கொண்டு வந்தான். 1025 வாக்குல நடந்த கடாரப் படையெடுப்பு, அதாவது நம்ம கெடா, அக்கா வீட்டுலேர்ந்து காடில போனா பூஜாங் பள்ளத்தாக்கு ஒரு மணி நேரம். "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி"ன்னு கப்பலுக்கு ஒரே ஒரு வரி, அதுக்கு அப்புறம் பாருங்க, அரசன பிடிச்சது, யானைய பிடிச்சது, விச்சாதிரத் தோரணம் இருந்த கோட்ட வாசல், எல்லாம் கால் தரைல வச்சு பண்ணுனதுன்னான். எனக்கு கொஞ்ச நேரம் பதில் வரல. அப்புறம் கேட்டேன், சரிடா, பல கலம் செலுத்துனாங்களே, மரக்கலம், வங்காள விரிகுடா, ஒழுகாம வந்துருக்குமா? அதுல தண்ணி எறச்சவன் பேரு எந்தக் கல்லுல இருக்கு? அவன் சிரிச்சுட்டான். அத்தான் டிவி சவுண்ட கொறச்சுட்டு "இது நல்ல கேள்வி"ன்னாரு, அவரு எங்க பேச்சுல கலந்துக்கிட்டது அந்த ஒரு தடவதான்.

பதிலுக்கு நான் அவன ஒரு சனிக்கிழம பினாங்கு கோர்ன்வாலிஸ் கோட்டைக்கு கூட்டிட்டுப் போனேன். பக்கத்து எஸ்பிளனேட் கடற்கரைத் திடல்ல ஆளாளுக்கு போட்டோ எடுத்துட்டு போயிருவாங்க, உள்ள இருக்கிற ஸ்ரீ ரம்பை பீரங்கிய நின்னு பாக்குறவங்க கம்மி. வெங்கலம், டச்சுக்காரங்க வார்த்தது, மேல 1603ன்னு போட்டுருக்கும். அத ஜொகூர் சுல்தானுக்கு பரிசா குடுத்தாங்க, சுமத்ராவோட ஆச்சேக்காரங்க ஜொகூர அடிச்சு தூக்கிட்டுப் போனாங்க, அப்புறம் சிலாங்கூருக்கு போச்சு. 1871ல பினாங்குலேர்ந்து கெளம்புன ஒரு சீனச் சரக்குக் கப்பல கொள்ளக்காரங்க பிடிச்சுட்டாங்க, அவங்கள தேடிப்போன பிரிட்டிஷ்காரன் ரினால்டோங்கிற போர்க்கப்பல வச்சு கோல சிலாங்கூர் கோட்டைகள குண்டு போட்டு தகர்த்து, இந்த பீரங்கிய இங்க தூக்கிட்டு வந்தான். நெசமான கடல் கொள்ள வழக்கோட சாட்சி ஒண்ணு நம்ம ஊர்ல வெயில் காஞ்சுக்கிட்டு நிக்குது. அதுக்கு கதையும் உண்டு, ரொம்ப நாள் கடலுக்கு அடில கெடந்துச்சு, கயிறு கட்டி "வா"ன்னு கூப்ட ஒடனே தானா மெதந்து வந்துச்சுன்னு. பிள்ள வரம் கேட்டு பொம்பளைங்க அதோட வாய்ல பூ வைப்பாங்க. "இவ்ளோ தூரம் வந்து, இத்தன ராஜா கை மாறி, இன்னைக்கும் பூ வாங்குது. எந்த வாளுக்குடா பூ வைக்கிறாங்க?"ன்னேன். "ஆயுத பூசைக்கு வைப்போம் மாமா"ன்னான். ஜெயிக்கவே விட மாட்டான்.

இதுல ஸ்கல் அண்ட் போன்ஸ் கதையும் சொல்லிட்டுப் போறேன். பக்கத்து சிங்கப்பூர்ல செஞ்ச கேம், 2017ல அறிவிச்சு 2024 பிப்ரவரிலதான் கடைக்கு வந்துச்சு. வந்தப்போ அதுல கப்பல் சண்ட மட்டும்தான், எதிரி கப்பல்ல ஏறி வாள் சுத்துறது கெடையாது, கயிறு போட்டு இழுத்தா ஒரு சின்ன காட்சி ஓடும், பொருள் நம்ம கைக்கு வந்துரும். என் கட்சிக்குன்னே செஞ்ச கேம் மாதிரி இருக்குல்ல? ஆசையா உக்காந்தேன். ரெண்டு வாரத்துல சலிச்சுப்போச்சு. என்னன்னு பாத்தா, அதுல நான்தான் கப்பல். நான் ஒருத்தனே சுக்கான், பாய், பீரங்கி எல்லாம். கீழ்த்தட்டுன்னு ஒண்ணு இல்ல. யாரும் "பீச்சாங்கை"ன்னு கத்த வேண்டியதில்ல. பையன் கிட்ட இத இன்னும் ஒத்துக்கல, இத படிச்சுதான் தெரிஞ்சுக்கப் போறான்.

வாளிக்கு வரேன். 2017 நவம்பர் 4 ராத்திரி பினாங்குல அடிச்ச மழ இங்க யாருக்கும் மறக்காது. அக்கா வீட்டுக்குள்ள மொழங்கால் வரைக்கும் தண்ணி. நான் தீவுல மாட்டிக்கிட்டேன், போக வழியில்ல. அக்காவும் அத்தானும் பையனும் விடிய விடிய வாளில அள்ளி அள்ளி பின்வாசல்ல ஊத்துனாங்க. வெளிய இருக்கிற தண்ணியும் ஒசரமா இருக்கிறப்போ ஊத்துறது அர்த்தமே இல்ல, ஆனா சும்மா உக்காந்துருக்க முடியலடான்னு அப்புறம் சொன்னா. சாமி மேடைய மட்டும் காப்பாத்துனாங்க.

அதனால கேம்ல மொத தடவ கப்பலுக்குள்ள தண்ணி ஏறுனப்போ நாங்க மூணு பேரும் மேல பீரங்கிகிட்ட கத்திக்கிட்டு நிக்கிறோம், அக்கா ஒண்ணும் சொல்லாம கீழ எறங்கிப் போயிட்டா. பலகை எங்க இருக்கு, வாளி எந்த பட்டன்னு மட்டும் பையன் கிட்ட கேட்டா. கொஞ்ச நேரத்துல கப்பல் நிமிந்துச்சு. "இந்த வேலைய நான் நெசமாவே பண்ணிருக்கேன்டா, இதுல என்ன பெருசா இருக்கு"ன்னா. அன்னைக்கு அவளுக்கு வாளின்னு பேரு வச்சோம். அப்புறம் பலகைக்கு ஒரு கணக்கு வச்சா, எங்க கப்பல்ல எப்பவும் நூறு பலகைக்கு கொறையக்கூடாது, கொறஞ்சா தீவுல நிறுத்தச் சொல்லி பீப்பா பீப்பாவா தேடுவா, மளிக சாமான் பட்டியல் மாதிரி.

வெளயாடி வெளயாடி நாங்க கண்டுபிடிச்சது இதான்: கேலியன் குண்டு பட்டு முழுகுறது ரொம்ப அபூர்வம். தண்ணி எறைக்க ஆள் இல்லாம போனாத்தான் முழுகும். எத்தன ஓட்ட வேணா போடுங்க, கீழ ஒரு பொறுமசாலி இருந்தா அந்தக் கப்பல் மெதக்கும். அதனால நல்லா வெளயாடுறவங்க என்ன பண்ணுவாங்கன்னா, நாலு ஓட்டைய போட்டுட்டு ஒருத்தன பீரங்கிக்குள்ள உக்கார வச்சு எதிரி கப்பலுக்கு சுட்டு அனுப்புவாங்க, அவன் வேலை நேரா கீழ எறங்கி வாளி பிடிச்சவன வெட்டுறது. அவன் பேய்க்கப்பலுக்கு போயி திரும்பி வருவான், திரும்பவும் வெட்டணும். வாள் எல்லா கேம்லயும் ராஜாவா இருக்கலாம், இங்க அது வாளிய நிறுத்த வந்த வேலக்காரன்.

அப்படி ஒரு ராத்திரிதான் நடந்துச்சு. 2021, மறுபடியும் எல்லாம் மூடிக்கெடந்த நேரம். ஒரு எலும்புக்கூட்டு கோட்டைய அடிச்சு கப்பல் நெறைய பெட்டி, விக்க போயிக்கிட்டு இருக்கோம். வழில பையன் அவங்க அம்மாவுக்கு சாராயம் குடுத்துக்கிட்டே இருந்தான், கேம்ல லா, அதுல ஒரு குடிக்கிற பீப்பா இருக்கு, அளவுக்கு மீறுனா ஆள் தள்ளாடும், வாந்தி எடுக்கும். அக்காவுக்கு நெசத்துல ஒரு சொட்டு ஆகாது. கேம்ல ஆள் தள்ளாடி ஒவ்வாக்னு சத்தம் வர்றப்போ அவ பதறிப்போயி, தரைல விழுந்துறப் போகுதுன்னு வாளிய எடுத்து பிடிச்சா. அந்த கேம் அதையும் வாங்கிக்கும், வாளில பச்சையா நின்னுச்சு. "சீ, கருமம், இத எங்கடா கொட்டுறது"ன்னு அவ கேக்குறப்பதான் மொத குண்டு விழுந்துச்சு.

பின்னாலேர்ந்து ஒரு கேலியன், வெளக்க அணச்சுட்டு வந்துருக்கான். ரெண்டாவது குண்டுல நடு பாய்மரம் சாஞ்சுச்சு, நான் சுக்கான சோத்துக்கை பக்கம் ஒடைக்கிறேன், கப்பல் அதோட நிதானத்துக்கு யோசிக்குது, தூரத்துலேர்ந்து ஒருத்தன் என்ன துப்பாக்கில சுட்டு சாச்சுட்டான். பேய்க்கப்பல்ல நின்னுக்கிட்டு ஹெட்போன்ல கேக்குறேன், அது மட்டும்தான் முடியும். கூட்டாளி ஒத்தையா பீரங்கி அடிச்சுக்கிட்டு இருக்கான். பையன் "நான் போறேன் மாமா"ன்னான், டொப்புன்னு ஒரு சத்தம், தன்னைத்தானே அவங்க கப்பலுக்கு சுட்டுக்கிட்டான். வழக்கம்போல கப்பல அம்போன்னு விட்டுட்டு.

ஏணில ஒருத்தன் ஏறுற சத்தம். "யாரோ வர்றான்டா, யாரோ வர்றான்டா"ன்னு அக்கா. படில தடதடன்னு எறங்குறான். அக்கா கைல வாள் இல்ல, வாள எந்த பட்டன் அமுக்கி எடுக்குறதுன்னே அவளுக்கு சரியா தெரியாது, கைல இருந்தது அந்த வாளிதான். தூக்கி அவன் மூஞ்சில ஊத்திட்டா. அவன் மைக் ஆன்ல இருந்துருக்கு, எங்க எல்லாருக்கும் தெளிவா கேட்டுச்சு: "அலாமாக்!" மலாய்ல ஐயையோங்கிற மாதிரி. எங்க ஊர்க்காரன்தான், இல்லாட்டி சிங்கப்பூர்க்காரன். அது மேல பட்டா ஸ்கிரீன் பூரா பச்சையா மறைச்சிரும், அவன் கண்ணு தெரியாம செவுத்தையும் பீப்பாவையும் வெட்டிக்கிட்டு நிக்கிறான், கூட்டாளி மேலேர்ந்து எறங்கி பிளண்டர்பஸ்ங்கிற அகல வாய்த் துப்பாக்கிய நெஞ்சுல வச்சு ஒரே அடி.

நான் திரும்பி வந்தப்போ எங்க கீழ்த்தட்டுல பாதிக்கு தண்ணி. அந்தப் பக்கம் பையன் சத்தமே இல்ல, வெட்டுற சத்தம் மட்டும், இடைல ஒரு தடவ "ரெண்டாவது தடவ இவன"ன்னான். அவங்க வாளிக்காரன திரும்பத் திரும்ப வெட்டிக்கிட்டு இருந்துருக்கான். அவங்க கப்பல் மூக்கு கீழ போச்சு, பின்பக்கம் மேல தூக்குச்சு, அப்புறம் பெட்டிங்க மட்டும் மெதந்துச்சு.

"பாத்தீங்களா மாமா? யார் முழுக வச்சா? என் வாள்!"

"உன் வாள் அவன் வாளிய நிறுத்துச்சு, அவ்ளோதான். நம்ம கப்பல் ஏன் மெதக்குது, அத சொல்லு."

"நான் அங்க போகலன்னா..."

"நீ இங்க இருந்துருந்தா..."

"டேய், ரெண்டு பேரும் அப்புறம் சண்ட போடுங்க"ன்னு கீழேர்ந்து அக்கா. "இங்க இன்னும் மொழங்கால் தண்ணி நிக்குது. யாராச்சும் ஒருத்தன் எறங்கி வாங்கடா, அடுப்புல ரசம் கொதிக்குது எனக்கு."